முந்தும் மூச்சு, பிந்தும் எலும்பு

1962ஆம் ஆண்டு முடியும் தறுவாயில், நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில், ஐம்பத்தோரு வயது அமெரிக்கர் ஒருவர் ஓட முடியாமல் பின்தங்கினார். அவர் பெயர் பில் பவர்மன். ஒரிகன் பல்கலைக்கழகத்தின் தடகளப் பயிற்சியாளர். நான்கு பேர் ஆளுக்கொரு மைல் ஓடும் தொடரோட்டத்தில் அவருடைய மாணவர்கள் அந்த ஆண்டுதான் உலகச் சாதனையை முறியடித்திருந்தார்கள். நைக்கி காலணி நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவராகப் பின்னாளில் உலகம் அறிந்ததும் அவரைத்தான். ஓட்டக்காரர்களை உருவாக்கும் அந்த மனிதர், தாம் ஓடுவதை எப்போதோ விட்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை ஓட அழைத்துப் போனவர் ஆர்தர் லிடியார்ட். இடம் கார்ன்வால் பூங்கா. நாற்பது, ஐம்பது, அறுபது வயதுக்காரர்கள் அங்கே கூட்டமாக, பேச்சும் சிரிப்புமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். முதல் அரை மைலைத் தாண்டியதும் பவர்மனுக்கு மூச்சு இரைத்தது. கூட்டம் குன்றின்மேல் ஏறிப் போய்விட்டது. அவருக்குத் துணையாக ஒருவர் மட்டும் வேகத்தைக் குறைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். எழுபதைக் கடந்த முதியவர், அதுவும் மாரடைப்பிலிருந்து மீண்டவர். வழிநெடுக அவர் பேசிக்கொண்டே ஓடினார். பதில் சொல்லக்கூடப் பவர்மனுக்கு மூச்சு இல்லை.

வயதுவந்த பிறகு உடல்நலத்துக்காக மெதுவாக ஓடும் வழக்கம், அதாவது இன்று நாம் ஜாகிங் என்று சொல்லும் மெல்லோட்டம், உலகம் முழுவதும் பரவியதற்கு இந்த ஒரு காலைப்பொழுது பெரிய காரணம்.

லிடியார்ட் மருத்துவர் அல்லர். உடலியல் படித்தவரும் அல்லர். ஆக்லாந்தில் ஒரு செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். இளமையில் ரக்பி ஆடியவர், தம் உடம்பு நல்ல நிலையில் இருப்பதாகவே நம்பியிருந்தார். 1940களின் நடுவில் நண்பர் ஒருவரோடு ஐந்து மைல் ஓடிப் பார்த்தார். நெஞ்சு வெடித்துவிடும்போல இருந்தது. இருபத்தேழு வயதிலேயே இப்படியென்றால் நாற்பத்தேழில் என்ன ஆகும் என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. அதற்கு விடை தேடித் தம் உடம்பையே சோதனைக்கூடம் ஆக்கினார். வேகத்தைக் கூட்டியும் குறைத்தும், தூரத்தை நீட்டியும் சுருக்கியும், ஆண்டுக்கணக்கில் ஓடிப் பார்த்தார். நீண்ட தூரத்தை, மூச்சு முட்டாத வேகத்தில், விடாமல் ஓடுவதுதான் அடித்தளம் என்று கண்டார். அந்த வழியில் அவர் பழக்கிய பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும், மரே ஹால்பெர்க் 5000 மீட்டரிலும், 1960 ரோம் ஒலிம்பிக்கில், ஒரே நாளில், ஒரு மணி நேரத்துக்குள் தங்கம் வென்றார்கள்.

தங்கப் பதக்கங்களைவிட அதற்கடுத்து அவர் செய்த காரியம்தான் என் கண்ணுக்குப் பெரியது. பதக்கம் பெற்றுத் தந்த அதே முறையை, தொந்தி விழுந்த வியாபாரிகளுக்கும் மாரடைப்பிலிருந்து எழுந்தவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். பின்னாளில் ஆக்லாந்து மேயரான காலின் கேயுடன் சேர்ந்து 1962இல் ஆக்லாந்து ஜாகர்ஸ் கிளப்பைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் படுக்கையில் கிடத்துவதே மருத்துவ வழக்கம். மாடிப்படி ஏறக்கூட அஞ்சிய மனிதர்களைப் பூங்காவுக்கு வரவழைத்து, இந்த மின்கம்பத்திலிருந்து அடுத்த மின்கம்பம் வரை ஓடுங்கள், அடுத்தது வரை நடங்கள் என்று தொடங்கிவைக்க எத்தனை துணிவு வேண்டும்! அவர் வைத்த விதி ஒன்றே ஒன்று. பக்கத்தில் வருபவரோடு பேச முடிகிற வேகத்தில் ஓட வேண்டும். பேச முடியவில்லையா, நடக்க வேண்டும்.

பவர்மன் ஆறு வாரம் அங்கே தங்கி, நாள்தோறும் ஓடினார். இடுப்பு இளைத்து ஊர் திரும்பியவர், 1963 பிப்ரவரியில் யூஜீன் நகர மக்களை மைதானத்துக்கு அழைத்தார். சில வாரங்களில் கூட்டம் கட்டுக்கு அடங்காமல் போயிற்று. யாராவது விழுந்து உயிரை விட்டுவிடுவார்களோ என்று பயந்து எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வால்டோ ஹாரிஸ் என்ற இதய மருத்துவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டார். நடுத்தர வயதினரைப் பரிசோதித்து, சிறு குழுக்களாகப் பிரித்து, படிப்படியாகப் பழக்கினார்கள். அந்த அனுபவத்திலிருந்து இருவரும் எழுதிய ‘ஜாகிங்’ என்ற சிறு நூல் 1967இல் வெளிவந்து பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது.

பேசிக்கொண்டே ஓடும் வேகம் போதும் என்று லிடியார்ட் அனுபவத்தால் அறிந்தார். அது ஏன் போதும் என்பதற்கு உடலியல் தரும் விடை அழகானது.

ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போது இதயம் ஒரு துடிப்பில் ஏறக்குறைய 70 மில்லிலிட்டர் இரத்தத்தை வெளியே தள்ளுகிறது. நிமிடத்துக்கு 70 துடிப்பு என்று வைத்தால் கிட்டத்தட்ட 5 லிட்டர். எழுந்து ஓடத் தொடங்கியதும் இரண்டு மாற்றங்கள் நேர்கின்றன. துடிப்பு கூடுகிறது. அத்துடன், சுருங்கி விரியும் கால் தசைகள் சிரைகளைப் பிழிந்து இரத்தத்தை மேலே அனுப்புவதால், இதயத்துக்குள் வந்து நிறையும் இரத்தமும் கூடுகிறது. நிறைய நிறைய அதன் சுவர் நன்றாக விரிகிறது, விரிந்த அளவுக்கு வலுவாகச் சுருங்குகிறது. ஒரு துடிப்பில் தள்ளும் அளவு உயர்கிறது. இங்கேதான் கவனிக்க வேண்டிய செய்தி இருக்கிறது. பழக்கமில்லாத ஒருவர் தம் உச்சத் திறனில் பாதியைத் தொடும்போதே, ஒரு துடிப்பில் இதயம் தள்ளும் இரத்தம் ஏறக்குறைய முழு அளவை எட்டிவிடுகிறது. அதற்கு மேல் வேகத்தைக் கூட்டினால் பெரும்பாலும் துடிப்பின் எண்ணிக்கைதான் ஏறும். அதாவது, இதயச் சுவரை விரித்து நீட்டிப் பழக்கும் வேலைக்கு மெதுவான ஓட்டமே முழுக் கூலியையும் கொடுத்துவிடுகிறது. வேகம் தருவது பெரும்பாலும் களைப்பையும் காயத்தையும்.

பயன் எத்தனை சீக்கிரம் தெரியும் என்பதும் வியப்புக்குரியது. ஓடத் தொடங்கிய முதல் வாரத்திலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா கூடுகிறது. கூடிய இரத்தம் இதயத்தை இன்னும் நிறைக்கிறது. அடுத்த சில வாரங்களில் தசைக்குள் மைட்டோகாண்ட்ரியாக்கள் பெருகுகின்றன. ஆக்சிஜனைக் கொண்டு சர்க்கரையையும் கொழுப்பையும் எரித்து ஆற்றலாக மாற்றும் நுண்ணறைகள் அவை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜான் ஹாலோசி, எலிகளைப் பல வாரம் ஓடவைத்து, அவற்றின் தசைகளில் இந்த எரிக்கும் திறன் ஏறக்குறைய இரண்டு மடங்காவதை 1967இல் காட்டினார். தசை நார்களைச் சுற்றி இரத்த நுண்நாளங்களும் புதிதாகக் கிளைக்கின்றன. ஒரு மாதத்துக்குள், முதல் நாள் இருநூறு மீட்டரில் இரைத்தவர் இரண்டு கிலோமீட்டரைச் சிரமமில்லாமல் கடப்பார். தமக்கு இளமை திரும்பிவிட்டதாக நினைப்பார்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். நாற்பத்தாறு வயதில், கோவை ரேஸ்கோர்ஸ் சாலையில், விடிவதற்கு முன் ஓடத் தொடங்கினேன். இரண்டரைக் கிலோமீட்டர் அளவுள்ள அந்தச் சுற்றை முதல் வாரம் பாதி நடந்து, பாதி ஓடிக் கடந்தேன். நான்காவது வாரம் முழுச் சுற்றையும் நிற்காமல் ஓடினேன். ஐந்தாவது வாரம் இரண்டு சுற்று, அதுவும் ஒரு நாள் விடாமல். ஆறாவது வாரம் ஒரு காலை, வலது காலின் முன்னெலும்பில், கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே, கத்தி வைத்ததுபோல வலித்தது. மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். அங்கே நாள்தோறும் நடக்க வரும் ஓய்வுபெற்ற பி.டி. மாஸ்டர் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார்.

“எத்தன நாளா ஓடறீங்க தம்பி?”

“ஆறு வாரமாச்சுங்க சார்.”

“தெனமுமுங்களா?”

“தெனமும்தானுங்க. இப்பல்லாம் மூச்சே வாங்கறதில்லைங்க.”

“மூச்சு வாங்காதுங்க. அது சீக்கிரம் பழகிக்கும். எலும்பு அப்படியில்லைங்க தம்பி, அதுக்கு மாசக்கணக்கு வேணும். மூச்ச நம்பி ஓடுனா கால் மாட்டிக்கும். மூணு வாரத்துக்கு நடங்க போதும்.”

அந்த மூன்று வாரத்தில் நான் படித்தவை இந்த அத்தியாயத்தின் மையமாக இருக்கின்றன. வயதுவந்து ஓடத் தொடங்குபவரின் உடம்பில் கடிகாரங்கள் பல. இரத்தத்தின் கடிகாரம் நாள்கணக்கில் ஓடுகிறது, தசையினுடையது வாரக்கணக்கில். எலும்பும் தசைநாணும் மாதக்கணக்கில்தான் நகர்கின்றன. ஓடத் தொடங்கி இரண்டு மாதத்துக்குள் விட்டுவிடுபவர்களில் பலர் சோம்பலால் விடுவதில்லை, வலியால் விடுகிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம். மூச்சு முந்திப் போய்விடுகிறது, எலும்பு பின்னால் தவிக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மெல்லோட்டத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 160 அடி வைக்கிறோம். ஒவ்வோர் அடியிலும் தரை நம்மைத் திருப்பித் தாக்கும் விசை உடல் எடையைப்போல இரண்டு முதல் மூன்று மடங்கு. 75 கிலோ எடையுள்ளவர் இருபது நிமிடம் ஓடினால், ஒவ்வொரு காலும் ஏறக்குறைய 1600 முறை, சுமார் 190 கிலோ சுமையை ஏந்துகிறது. நடக்கும்போது எப்போதும் ஒரு கால் தரையில் இருப்பதால் இந்தத் தாக்கம் எடையைவிடச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். நாற்பது வயது வரை நடந்தே பழகிய எலும்புக்கு ஓட்டம் முற்றிலும் புதிய வேலை.

புதிய வேலைக்கு எலும்பு தன்னை மாற்றிக்கொள்ளும் முறை விந்தையானது. கட்டுவதற்கு முன் இடிக்கிறது. நுண்விரிசல் கண்ட இடத்துக்கு எலும்பை அரிக்கும் செல்கள் முதலில் வந்து, சேதமான பகுதியை இரண்டு மூன்று வாரத்தில் தோண்டி எடுக்கின்றன. அதன் பிறகே எலும்பை உருவாக்கும் செல்கள் வந்து குழியை நிரப்புகின்றன. நிரப்பி முடிக்க மூன்று மாதம் வரை ஆகும். ஆகவே தொடங்கிய சில வாரங்களில் எலும்பு முன்பிருந்ததைவிடச் சற்று வலுவிழந்து நிற்கிறது. மூச்சு நன்றாகப் பழகி, தன்னம்பிக்கை ஏறி, தூரத்தைக் கூட்டும் வாரங்களும் அவையே. 1855இல் பிரைட்ஹாப்ட் என்ற பிரஷ்ய இராணுவ மருத்துவர், நெடுந்தூர அணிநடைக்குப் பின் வீரர்களின் பாதம் வீங்கி வலிப்பதைப் பதிவுசெய்தார். அடிபடாமலே வந்த அந்த வலியின் காரணம் அவருக்குப் பிடிபடவில்லை. எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்ட பிறகுதான் அது எலும்பு முறிவு என்று தெரிந்தது. புதிதாகச் சேர்ந்த வீரர்களுக்கு இன்றும் வரும் காயம் அது.

தசைநாண் இன்னும் மெத்தனமானது. கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு பிணைக்கும் குதிநாண் ஓட்டத்தின் முதன்மையான சுருள்வில். கால் தரையில் பதியும்போது நீண்டு ஆற்றலைத் தேக்கிக்கொண்டு, கால் எழும்பும்போது திருப்பிக் கொடுக்கிறது. ஓட்டத்தின் ஒவ்வோர் அடியிலும் புரளும் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கை இந்த ஒரு நாண் ஏந்திக் கொடுப்பதாக 1987இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. கயிறுபோன்ற இந்த உறுப்புக்கு இரத்த ஓட்டம் குறைவு, புதுப்பித்துக்கொள்ளும் திறனும் குறைவு. எத்தனை குறைவு என்பதை அணுகுண்டுகள் காட்டிக்கொடுத்தன. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வானில் வெடித்த குண்டுகள், காற்றில் கார்பன்–14 அளவை ஏறக்குறைய இரட்டிப்பாக்கின. பிறகு அது ஆண்டுக்காண்டு குறைந்தது. ஆகவே ஒரு திசுவில் உள்ள கார்பன்–14 அளவைக் கொண்டு அது எந்த ஆண்டில் உருவானது என்று சொல்லிவிடலாம். கோபன்ஹேகனைச் சேர்ந்த காட்யா ஹைனமையரும் குழுவினரும் இந்த முறையில் மனிதக் குதிநாண்களை ஆராய்ந்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். நாணின் மையப் பகுதி ஏறக்குறைய பதினேழு வயதோடு உருவாகி முடிந்துவிடுகிறது. அதற்குப் பின் அது பெரிதாகப் புதுப்பிக்கப்படுவதே இல்லை.

ஐம்பது வயதில் ஓட வருபவர் பதினேழு வயதில் உருவான நாணோடு வருகிறார் என்பதை நினைத்தால் அந்த உறுப்பின்மீது எனக்கு மரியாதை பெருகுகிறது. அது பழக்கத்தால் உறுதிப்படக்கூடியதுதான். ஆனால் அவசரப்படுத்தினால் கிழியும், கிழிந்ததைச் சரிசெய்ய மாதங்கள் ஆகும். காலையில் எழுந்து வைக்கும் முதல் சில அடிகளில் குதிகாலுக்கு மேலே விறைப்பும் வலியும் இருந்தால், அன்று ஓட்டம் வேண்டாம்.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்தால் தொடங்கும் முறை தானாகவே தெளிவாகிறது. ஓட்டத்தை நம்பாமல் நடையை நம்பித் தொடங்க வேண்டும். நாள்தோறும் அரை மணி நேரம் வேகமாக நடக்க முடியாதவர், முதலில் ஒரு மாதம் அதை மட்டும் செய்யட்டும். பிறகு வாரத்தில் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஐந்து நிமிட நடை, பிறகு ஒரு நிமிட ஓட்டமும் இரண்டு நிமிட நடையுமாக எட்டு முறை, முடிவில் ஐந்து நிமிட நடை. மொத்தம் 34 நிமிடம், அதில் ஓட்டம் வெறும் எட்டு நிமிடம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஓட்டத்தை ஒரு நிமிடம் நீட்டினால் போதும். ஒன்பது மாத அளவில் இருபது நிமிடம் தொடர்ந்து ஓடும் நிலை வரும். ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் 1996இல் வகுத்துப் புகழ்பெற்ற ஒன்பது வாரத் திட்டம், சோபாவில் கிடப்பவரை 5 கிலோமீட்டர் ஓடவைக்கிறது. நாற்பதைக் கடந்தவர்களுக்கு அந்த வேகம்கூட அதிகம் என்பது என் கருத்து. ஒவ்வொரு வாரத்தையும் இரண்டு முறை செய்தால் எந்த நட்டமும் இல்லை.

காலணியைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். விரல்களுக்கு இடம் விட்டு, ஓடும்போது உறுத்தாமல் இருந்தால் போதும். எட்டி எட்டிக் கால் வைக்காமல், குறுகிய அடிகளாக வைப்பது எந்தக் காலணியையும்விட முட்டியைக் காக்கும். பாதம் உடலுக்கு வெகுதூரம் முன்னால் போய் விழும்போதுதான் தாக்கம் முழுதும் முட்டியில் இறங்குகிறது.

முட்டி என்றதும் வீட்டில் ஒரு குரல் எழும். “இந்த வயசுல ஓடினா முட்டி தேஞ்சு போயிடும்.” ஓடத் தொடங்கிய எவரும் இதைக் கேட்காமல் இருந்திருக்க மாட்டார். குருத்தெலும்பு வண்டிச் சக்கரத்தின் டயர் அன்று, தேய்ந்துகொண்டே போவதற்கு. அதற்கு இரத்தக் குழாய் கிடையாது. அழுத்தும்போது நீரை வெளியேற்றி, விடும்போது ஊட்டம் கலந்த நீரை உறிஞ்சிக்கொண்டு வாழ்கிறது. அளவாக அழுத்தினால்தான் அதற்குச் சாப்பாடு. ஓடுபவர்களிடமும் ஓடாதவர்களிடமும் இடுப்பு, முட்டித் தேய்வு எவ்வளவு என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கட்டுரை ஒன்று 2017இல் வந்தது. உடல்நலத்துக்காக ஓடுபவர்களில் 3.5 விழுக்காட்டினருக்குத் தேய்வு இருந்தது. ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2 விழுக்காடு. போட்டிக்காக ஓடும் வீரர்களிடம் 13.3 விழுக்காடு. முட்டி வலி இருப்பவர்கள் ஓட்டத்தை நாடாமல் போவதும் இந்த எண்களில் ஓரளவு கலந்திருக்கும். ஆனாலும், அளவான ஓட்டம் நல்ல முட்டியைக் கெடுக்கிறது என்ற அச்சத்துக்கு அவற்றில் இடமில்லை. ஏற்கெனவே தேய்ந்த முட்டி, மிகுந்த உடல் எடை ஆகியவை வேறு கதை. அவை உள்ளவர்களுக்கு நடையும் நீச்சலும் மிதிவண்டியும் இருக்கின்றன.

நம் ஊரில் ஓடுவதற்குச் சிறப்பான ஒரு காரணம் உண்டு. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கினும் 2004இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் தங்கள் இருவர் படத்தையும் போட்டு ஒரு சிறு குறிப்பு எழுதினார்கள். உயரத்துக்கு ஏற்ற எடையைச் சொல்லும் பி.எம்.ஐ. இருவருக்கும் 22.3. இருவரும் ஒல்லி. ஆனால் எக்ஸ்ரே முறையில் அளந்தபோது யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக் உடலில் 21.2 விழுக்காடு. யுட்கின் மாரத்தான் ஓடுபவர் என்பதும் அந்தக் குறிப்பிலேயே இருக்கிறது. இந்திய உடல் தராசில் ஒல்லியாக நின்றாலும் உள்ளே கொழுப்பு மிகுந்தும் தசை குறைந்தும் இருக்கக்கூடும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொன்ன படம் இல்லை. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை முன்னின்று நடத்திய தேசிய ஆய்வின்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருக்கிறது. 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள்.

உண்ட உணவின் சர்க்கரையைப் பெருமளவு வாங்கிக்கொள்ளும் கிடங்கு தசை. சாதாரணமாக இன்சுலின் வந்து கதவைத் தட்டினால்தான், தசைச் செல்லுக்குள் இருக்கும் சர்க்கரை வாயில்கள் மேற்பரப்புக்கு வந்து திறக்கும். பரவலாகக் காணும் இரண்டாம் வகை நீரிழிவில் இந்தத் தட்டல் உள்ளே சரியாகக் கேட்பதில்லை. ஆனால் தசை சுருங்கி விரிந்து வேலைசெய்யும்போது அதே வாயில்கள் இன்சுலினின் உதவி இல்லாமலே திறந்துகொள்கின்றன. ஓடி முடித்த பிறகும் ஒரு நாளைக்கு மேல் தசை இன்சுலினின் குரலுக்கு நன்றாகச் செவிசாய்க்கிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓடச் சொல்வதற்கு எலும்பு ஒரு காரணம், இது இன்னொரு காரணம். இன்சுலினோ, இன்சுலினைச் சுரக்கச்செய்யும் மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்களுக்கு ஓடும்போது சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். அவர்கள் மருத்துவரிடம் மருந்தின் அளவைப் பேசிக்கொண்டு, சட்டைப்பையில் குளுக்கோஸோ சர்க்கரையோ வைத்துக்கொண்டுதான் ஓட வேண்டும்.

வெயிலையும் சொல்லிவிட வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை தோலில் ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பத்தைக் கொண்டுபோகும். சொட்டிக் கீழே விழும் வியர்வை எதையும் கொண்டுபோகாது. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களின் புழுக்கத்தில் பெரும்பகுதி சொட்டித்தான் போகிறது. அங்கே ஓடுபவர்கள் விடியலுக்கு முன் முடித்துக்கொள்ள வேண்டும், கோயம்புத்தூர்க்காரரைவிட மெதுவாக ஓட வேண்டும்.

இனி, எல்லாரும் மனத்துக்குள் வைத்திருக்கும் அச்சம். ஓடும்போது நெஞ்சு நின்றுவிட்டால்? ஜிம் ஃபிக்ஸ் என்ற அமெரிக்கரின் கதை இதற்கு எப்போதும் எடுத்துச் சொல்லப்படும். பருத்த உடம்பும் நாளுக்கு இரண்டு பாக்கெட் சிகரெட்டுமாக இருந்தவர், முப்பத்தைந்து வயதில் ஓடத் தொடங்கி எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டார். 1977இல் அவர் எழுதிய ஓட்ட நூல் அமெரிக்காவையே தெருவில் இறக்கி ஓடவைத்தது. 1984 ஜூலை 20 அன்று, ஐம்பத்திரண்டு வயதில், வெர்மான்ட் மாநிலத்தில் சாலையோரம் ஓட்டத்துக்கு இடையே விழுந்து இறந்தார். பிணக்கூறாய்வில் அவருடைய இதயத் தமனிகளில் ஒன்று 95 விழுக்காடு அடைபட்டிருந்தது. அவருடைய தந்தை முப்பத்தைந்து வயதில் மாரடைப்பு கண்டு நாற்பத்து மூன்றில் இறந்தவர். ஓட்டம் அவரைக் கொன்றது என்று சிலர் சொன்னார்கள். தந்தையைவிட ஒன்பது ஆண்டு கூடுதலாக வாழ்ந்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஓட்டம் மருந்துதான், ஆனால் பரிசோதனைக்கு அது மாற்று ஆகாது. குடும்பத்தில் இளவயது மாரடைப்பு, சர்க்கரை, இரத்த அழுத்தம், புகைப்பழக்கம், நடந்தால் நெஞ்சில் இறுக்கம், இவற்றில் எது இருந்தாலும் முதல் அடி மருத்துவரின் அறையை நோக்கித்தான் இருக்க வேண்டும்.

ஆபத்தின் உண்மையான அளவும் தெரிந்திருக்கட்டும். 2000 முதல் 2010 வரை அமெரிக்காவில் மாரத்தான், அரை மாரத்தான் ஓடிய 1 கோடியே 9 லட்சம் பேரில் 59 பேருக்கு இதயம் நின்றது. அதாவது 1,84,000 பேரில் ஒருவருக்கு. அவையோ நீண்ட போட்டி ஓட்டங்கள். மறுபக்கம், டல்லஸ் நகரில் 55,137 பேரைச் சராசரியாகப் பதினைந்து ஆண்டு கவனித்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், ஓடுபவர்கள் இதய நோயால் இறப்பது ஓடாதவர்களைவிட 45 விழுக்காடு குறைவாக இருந்தது. வாரத்துக்கு மொத்தம் 51 நிமிடத்துக்கும் குறைவாக, மெதுவாக ஓடியவர்களும் இந்தப் பயனைப் பெற்றார்கள்.

காலம் கடந்துவிட்டதா என்று கேட்பவர்களுக்கும் அதே டல்லஸ் நகரம் விடை வைத்திருக்கிறது. 1966இல் அங்கே இருபது வயது மாணவர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே கிடக்கவைத்தார்கள். உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் 27 விழுக்காடு சரிந்தது. பிறகு பயிற்சி கொடுத்து அதை உயர்த்தினார்கள். முப்பது ஆண்டு கழித்து, ஐம்பது வயதில், அதே ஐவரையும் திரும்ப அழைத்துச் சோதித்தார்கள். சராசரி எடை 77 கிலோவிலிருந்து 100 கிலோ ஆகியிருந்தது. ஆனால் முப்பது ஆண்டு முதுமை பறித்த திறன், அன்று மூன்று வாரப் படுக்கை பறித்ததைவிடக் குறைவு! ஆறு மாதம் நடையும் மெல்லோட்டமும் மிதிவண்டியுமாக, மெதுவாகக் கூட்டிக்கொண்டே போனார்கள். முடிவில், இருபது வயதில் படுக்கைக்கும் பயிற்சிக்கும் முன் இருந்த அளவை ஐம்பது வயதில் தொட்டார்கள். அன்று பயிற்சிக்குப் பின் எட்டிய உச்சம் மட்டும் ஒருவருக்கும் திரும்பவில்லை. எடை குறைந்தது சராசரியாக ஒரே ஒரு கிலோ. தராசு முள் நகரவில்லை என்று மூன்றாம் மாதம் ஓட்டத்தை விட்டுவிடுபவர்கள் இந்தக் கடைசி எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். எடை அசையாமல் இருக்கும்போதும் இதயம் மாறிக்கொண்டுதான் இருக்கிறது.

அந்த முப்பதாண்டு ஆய்வை எழுதியவர்களின் பட்டியலில் பீட்டர் ஸ்னெல் என்று ஒரு பெயர் இருக்கிறது. ரோமில் தங்கம் வென்ற அதே ஸ்னெல். செருப்புத் தொழிற்சாலைக்காரரிடம் ஓடப் பழகியவர், ஓய்வுபெற்ற பின் அமெரிக்காவில் உடலியல் படித்து முனைவர் பட்டம் பெற்று, டல்லஸில் ஆய்வாளராக வாழ்ந்தார்.

என் காலின் வலி மூன்று வாரத்தில் போயிற்று. அதற்குப் பின் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓடுகிறேன், எப்போதும் யாரோடாவது பேசிக்கொண்டு. உங்கள் ஊரிலும் ஒரு பள்ளி மைதானமோ ஏரிக்கரையோ இருக்கும். 2023இல் தமிழ்நாடு அரசு மாவட்டந்தோறும் அமைத்த 8 கிலோமீட்டர் நடைபாதை இருக்கும். மருத்துவரைப் பார்த்து, அவர் சரி என்றால், இந்த வாரமே பேச்சுத் துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். முதல் நாள் எட்டு நிமிடத்துக்கு மேல் ஓடாதீர்கள்.